மூன்றாம் நம்பர் வால்வு

செவ்வாய், 7/7
காலையிலேயே புழுக்கம். எட்டு மணிக்குத் தங்கச்சி கோமதியின் பிக்கப்பைக் கயிறு கட்டி என் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்தார்கள். மூன்றாவது தடவை. காலையில் ஸ்டார்ட் ஆகிறது, ஒழுங்காக ஓடுகிறது. பாலிக் பூலாவில் தேங்காய் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினால், சூடானதும் இழுவை போய், குலுங்கி, நின்றுவிடுகிறது.

டீக்கடையில் எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். "பொம்பளைக்கு எதுக்கு டீசல் வண்டி? லோடு ஏத்தத் தெரியல, கியர் போடத் தெரியல!" எட்டுப் பேர் சிரித்தார்கள். அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மத்தியானம் போன் செய்தாள். "சனிக்கெழம பதினோரு மணிக்கு கூலிம்லேருந்து ஆளு வராருண்ணே. வண்டிய வித்துடலாம். பாயான் பாரு ஃபேக்டரில மறுபடியும் கூப்பிடுறாங்க, நைட் ஷிஃப்ட்டு." அவள் புருஷன் தவறிப்போன பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, தானாகக் கட்டி எழுப்பிய தேங்காய் வியாபாரம். நாற்பத்தாறு வயசில் திரும்ப நைட் ஷிஃப்ட்! "நல்லதுதான்" என்றேன். என் வாயை என்ன செய்வது.

வாங்க வேண்டியது: டீசல் ஃபில்டர், கிரீஸ், வீட்டுக்காரி சாந்திக்கு இருமல் மருந்து.

புதன், 8/7
ஃபில்டர் மாற்றியாச்சு. ஒரு மண்ணும் ஆகவில்லை. என்ஜின் சூடேறி ஓடும்போதே, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். 1, 2, 4: தளர்த்தியதும் என்ஜின் தடுமாறுகிறது. 3: தளர்த்தினாலும் ஒன்றுமே ஆகவில்லை. அதாவது மூன்றாம் சிலிண்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இன்ஜெக்டரை மாற்றிப் போட்டேன். அப்போதும் மூன்றுதான்.

கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றின் அழுத்தம், மூன்றில் மட்டும் பாதி. வால்வுகள் மூடியிருக்க வேண்டிய இடத்தில் என்ஜினை நிறுத்தி, உள்ளே காற்று அடித்து, சைலன்சர் வாயில் காதை வைத்தேன். உஸ்ஸ்ஸ். புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் வால்வு கசிகிறது. கண்டுபிடித்துவிட்டேன்! விசிலடித்துக்கொண்டே போய் டீ.

கோமதிக்குப் போன். "வால்வு எரிஞ்சிருக்கு. ஓவர் லோடு. நான் அப்பவே சொல்லல?"
"சரிண்ணே. நான்தான் கெடுத்துட்டேன் போல."

மருந்து மறந்துவிட்டது.

வியாழன், 9/7
மழை. என்ஜின் மேல்மூடியைக் கழற்றி, இடைவெளி பார்க்கும் கேஜை எடுத்தேன். மூன்றாம் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதைத் தள்ளும் இரும்புக்கும் நடுவே கேஜின் தகடு நுழையவில்லை. இருப்பதிலேயே மெல்லிய தகடும் நுழையவில்லை. அந்த இடைவெளி இல்லாவிட்டால், சூட்டில் வால்வு நீண்டு, முழுசாக மூடாது. நெருப்பு அந்த வழியே போய்ப் போய் வால்வையே தின்றுவிடும்.

யார் இறுக்கியது?

தைப்பூசத்துக்கு முன்னால். தேங்காய்க்கு ஏகப்பட்ட ஆர்டர், விடியுமுன்னே கிளம்புவாள். அவளுடைய ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டில் கீழ்வீட்டுக்காரர்கள், வண்டியில் டிக் டிக் சத்தம் என்று புகார். "சத்தத்த மட்டும் நிறுத்திக் குடுண்ணே." கேஜைத் தொடவே இல்லை. எனக்கு எதற்குக் கேஜ்? நான்தான் காதாலேயே வால்வு வைக்கிறவனாச்சே. சத்தம் நிற்கிற வரைக்கும் இறுக்கினேன். "பாத்தியா, அண்ணன் கை!" என்று வேறு பீற்றிக்கொண்டேன்.

நான்தான்.

குழம்பில் உப்பு என்று சாந்தியோடு சண்டை. உப்பு சரியாகத்தான் இருந்தது. ஜெலுத்தோங் மார்க்கெட் வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வண்டி சனிக்கிழமை கூலிம் போய்விடும். அவள் ஃபேக்டரிக்குப் போய்விடுவாள். சே, என்ன மனுஷன் நான்.

வெள்ளி, 10/7
வால்வுகள் இருக்கிற ஹெட்டைக் கழற்றி ஆ ஹெங்கின் லேத் கடைக்குக் கொண்டுபோனேன். வால்வின் ஓரம் கடித்த பிஸ்கட் மாதிரி. திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது லோடால் இல்லை, இறுக்கி வைத்ததால் எரிந்தது, எந்த மெக்கானிக் என்று மலாயில் கேட்டார். யாரோ ஒருத்தன், வேறு கடை என்றேன். "போடோ" என்றார். முட்டாளாம். ஆமாம் என்று தலையாட்டினேன். காதெல்லாம் சுட்டது.

போனை எடுத்தேன், வைத்தேன். நாலு தடவை. பிறந்ததிலிருந்து அவளிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

சனி, 11/7
விடிந்ததும் ஹெட்டை ஏற்றினேன். புது வால்வு. கேஜ் வைத்து இரண்டு தடவை சரிபார்த்தேன். மெல்லிசாக டிக் டிக். அது இருக்க வேண்டும். மணல் மூட்டைகளை ஏற்றி மேட்டுக்கு ஓட்டிப்போனேன். கெட்டியாக ஏறியது.

பத்து மணிக்கே கோமதி வீட்டு வாசலில்.
"என்னண்ணே, மொகமே சரியில்ல?"
சொன்னேன். மடமடவென்று, தரையைப் பார்த்துக்கொண்டு.

திட்டியிருந்தால் தேவலை. "மூணு மாசமா என் ஓட்டுதான் சரியில்லன்னு நெனச்சேன்ணே. மேடு வந்தாலே சாமியக் கும்பிட்டுட்டுத்தான் ஏத்துவேன்" என்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத ஏன் வீட்டுல வந்து சொல்றே? டீக்கடையிலதானே திட்டுனே? அங்க சொல்லுலா."

கூலிம் ஆளுக்குப் போன் போட்டாள். வண்டி விற்பதற்கில்லை, வர வேண்டாம்.

ஞாயிறு, 12/7
டீக்கடை. அந்த எட்டில் ஆறு பேர் இருந்தார்கள். உட்கார்ந்தால் வாய் வராது என்று நின்றேன். "கோமதி மேல தப்பில்ல. வால்வ இறுக்கி எரிச்சது நான். அன்னிக்கு நான் பேசினது தப்பு." ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் "பரவால்லலா, அண்ணே" என்றார். செத்துவிடலாம் போலிருந்தது.

கோமதி நிதானமாக ரொட்டியைத் தின்று, கை கழுவி வந்து சாவியை வாங்கிக்கொண்டாள்.
"நாளைக்கி தேங்கா எடுக்கப் போறேன். இனிமே வண்டிய வேற எடத்துல காட்டிக்கிறேன்ணே."
"சரி."
"ஜெலுத்தோங்ல நல்ல மெக்கானிக் யாரு? நீயே சொல்லேன்."

இத்தனை வருஷமாக நான் வாய்க்கு வந்தபடி ஏசுகிற, எதிர்த்தெரு மெக்கானிக் சேகர் பேரைச் சொன்னேன்.