மலையேறிய ஊர் மண்

போடிநாயக்கனூர்
ஜய வருடம், வைகாசி

கொழும்பில் இருக்கும் என் அப்பு பெத்துராஜுக்கு ஆத்தா சுந்தரம்மாள் மனசார வாழ்த்தி எழுதுவது. இங்கு மாரியம்மன் துணையால் எல்லோரும் சுகம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். உன் தங்கச்சி சேதி நல்ல சேதிதான், பதறாதே, ஆனால் நடந்த வரிசையில்தான் சொல்வேன்.

பொன்னுமணிக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று நம் தெரு மாரியம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்து, சித்திரைத் திருவிழாவுக்குக் கையில் காப்புக் கட்டியிருந்தேன். காப்புக் கட்டினவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, உனக்குத் தெரியாததில்லை. உன் அய்யாவோ கறுப்புச்சட்டைக்காரர் கூட்டம் கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து, "மஞ்சக் கயிறு பிரசவம் பாக்குமாக்கும்" என்று என்னைக் கேலி பண்ணிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளை வேலை பார்க்கிற ஏலத்தோட்டத்தில் ஜீப்பு ஓட்டும் சுடலை மூச்சு வாங்க வந்து நின்றான். பொன்னுமணிக்கு நாள் முந்தியே வலி கண்டுவிட்டதாம், பிள்ளை இறங்கவில்லையாம், மலைப்பாதையில் குலுக்கிக் கொண்டுவரப் பயமாம், "ஆத்தாளக் கொண்டா, வெரசாக் கொண்டா" என்று அழுகிறாளாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனால் நேர்த்தி முறிந்து அவளுக்கே ஏதாவது ஆகிவிடுமோ, போகாவிட்டால் என் மகளை உயிரோடு பார்ப்பேனோ மாட்டேனோ என்று வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

உன் அய்யா திட்டுவார் என்றுதான் நினைத்தேன். மனுஷன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலுக்குப் போய் ஒரு சாக்கு மண் வெட்டி வந்தார். பாதியை ஜீப்பில் நான் கால் வைக்கிற இடத்தில் கொட்டி, "ஏறு. எங்க போனாலும் நீ ஊர் மண்ணுலதான் நிக்கிற. ஒங்க மாரியாத்தா வந்து கேட்டா எங்கிட்ட அனுப்பு" என்றார். மேடு ஏறும்வரை நான் காலைத் தூக்கவில்லையே! தோட்டத்தில் இறங்கினதும் மிச்ச மண்ணை எனக்கு முன்னால் தூவிக்கொண்டே போகிறார், அந்தக் கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தோட்டக் கூலிகள் குடியிருக்கிற லயத்துச் சனமெல்லாம் என்னவோ ஏதோவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிள்ளை கால் முந்திக்கொண்டு வந்தது. தோட்டத்தில் ஏலக்காய் பறிக்கிற அன்னக்கொடியும் நானும் படாத பாடுபட்டோம், பொழுது சாய்வதற்குள் பெண்பிள்ளை பிறந்துவிட்டது. அழுகைச் சத்தம் கேட்டதும் உன் அய்யா வெளியே துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டாராம். தாயும் பிள்ளையும் சுகம், மூக்கு மட்டும் அவர் மூக்கு, பாவம், என்ன செய்வது. ஏன் இப்படி மண்ணள்ளிப் போட்டீர் என்று பிறகு கேட்டேன். "நீ அழுதுக்கிட்டே வந்தா அங்க புள்ளைய யாரு பாக்கிறது" என்றார். அந்தச் சொல்லுக்கு எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பொன்னுமணி கண் அசந்ததும் அதே மண்ணில் கால் வைத்து இறங்கி வந்து தீச்சட்டியும் குறையில்லாமல் எடுத்துவிட்டேன்.

கூத்து இனிமேல்தான். சாக்கை உதறின இடத்தில் லயத்துச் சனம் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, போடி ஆத்தா என்று பேர் வைத்து வெள்ளிக்கிழமை தவறாமல் சூடம் காட்டுகிறதாம். உன் அய்யாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நானே போயி பிடுங்கி எறிஞ்சுட்டு வர்றேன்" என்று கிளம்பிப் போனார். திரும்பும்போது கையில் தேங்காய் மூடி! ஆத்தாளைக் கொண்டுவந்தவர் என்று முதல் மரியாதை செய்தார்களாம், மறுக்க முடியவில்லையாம். நான் ஒன்றும் கேட்காமல் துவையல் அரைத்துவிட்டேன்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, கடைச் சோலி என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அம்மன் உனக்கு நீண்ட ஆயுசும் நிறைந்த சுகமும் தரட்டும். பிறந்திருக்கிற உன் மருமகளுக்கு ஒரு சட்டைத்துணி அனுப்ப மறந்துவிடாதே. இன்னொன்று, அய்யாவுக்கு எழுதும்போது பூசாரி என்று கேலி பண்ணிவிடாதே. நேற்றுச் சுடலை அப்படித்தான் கூப்பிட்டான், செவிட்டில் ஒன்று விழப்போகிறது என்று நான் பயந்துபோனேன். இவரோ, "மலையில மழை பிடிச்சிருச்சேடா, அந்தக் கல்லுக்கு மேல ஒரு தகரமாச்சும் போட்டீங்களா?" என்று கேட்கிறார்.

இப்படிக்கு,
உன் ஆத்தா
சுந்தரம்மாள்