தண்டவாளத்து மேல தண்ணி

கோவில்பட்டி
கார்த்திகை மாதம்

அன்பு மகள் ப்ரியதர்ஷினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் லிங்கராஜ் மாமாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை சுடலைராஜும் உன் வயிற்றில் இருக்கும் சின்ன ஆளும் அந்த ஊர்க் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று செண்பகவல்லி அம்மனிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த வருஷம் மழை காலத்தோடு விழுந்துவிட்டது. புதூர்ப் பக்கத்து நிலத்தில் உளுந்தும் மக்காச்சோளமும் நன்றாக வந்திருக்கின்றன, காட்டுப்பன்றி மட்டும் இறங்காமல் இருந்தால் போதும். உன் அப்பா முழங்கால் வலியோடு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார், நான் சொன்னால் கேட்பதில்லை, நீ போனில் ஒரு வார்த்தை சொல். செருப்போடு கரிசல் சேற்றை அப்பிக்கொண்டு வந்து வீடெல்லாம் மிதித்து வைக்கிறார், அதையும் சேர்த்துச் சொல்.

அடிக்கடிதான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ராட்டர்டாமில் உன் சிநேகிதி வீட்டில் ஒரு இசைத்தட்டைப் போட்டார்கள், அதில் தமிழ்ப் பாட்டு வந்தது, கிட்டார் மிருகம் மாதிரி உறுமியது, அட்டையில் லிங்கராஜ், மணியாச்சி என்று போட்டிருக்கிறது, அது நம் மாமாவா என்று கேட்டாயே, அன்றைக்கு என்னால் பேச முடியவில்லை. கஞ்சா மயக்கத்தில் உண்டாக்கிய பாட்டு, பாடியவர் மனநிலை தவறி இறந்துபோனார் என்று அட்டையின் பின்பக்கம் அச்சடித்திருப்பதையும் வாசித்தாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அந்த நோய் என் பிள்ளைக்கும் வருமா அம்மா என்றாய். மாமா அப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். தன் நோயைப் பற்றி வீட்டுப் பிள்ளைகளிடம் பேச வேண்டாம் என்று நீ பிறந்தபோதே மாமா கேட்டுக்கொண்டிருந்தார், அதனால்தான் அவர் சாப்பிடுவது நரம்பு மாத்திரை என்று நினைத்து நீ வளர்ந்தாய். இப்போது அவரே சொல்லிவிட்டார், “எழுதுட்டி சொர்ணம், ஒண்ணு விடாம எழுது, மாசமா இருக்க பிள்ள பயந்துக்கிட்டுக் கெடக்கக் கூடாது” என்று. அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அந்தப் பாட்டு மாமாவின் பாட்டுதான். ஆனால் சொற்கள் அவருடையவை அல்ல. என் அப்பா, உன் தாத்தா பெருமாள்சாமி, மணியாச்சி ரயில்வேயில் கீமேன் வேலை பார்த்தார். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆப்புகள் கழன்றிருக்கின்றனவா என்று சுத்தியலும் கையுமாக லைனோடு நடந்து பார்க்கிற வேலை. நாங்கள் குடியிருந்தது ஸ்டேஷனுக்குப் பின்னால் ரயில்வே காலனியில். என் அண்ணன், உன் மாமாவுக்கு அப்போது இருபது வயசு இருக்கும், நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து வரிசையில் இருந்த ஒரு ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது தங்கள் கிட்டாரை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் கப்பல்காரர்களிடமிருந்து வெளிநாட்டு இசைத்தட்டுகளை வாங்கி வருவார், மாமா அங்கே போய் நாள் முழுக்க அதைக் கேட்டுவிட்டு வருவார். அவருக்குக் கூட்டாளி மாடக்கண்ணு. கோயில் கொடைகளில் உறுமி அடிக்கிற குடும்பம், மற்ற நாளில் கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டப் போவார். அந்த மைக் செட்டில் கிழிந்துபோன ஒரு ஸ்பீக்கர் கிடந்தது, கிட்டாரை அதில் மாட்டினால் கரகரவென்று அலறும். எல்லாரும் காதைப் பொத்திக்கொள்வார்கள், அவர்கள் ரெண்டு பேருக்கும் அந்தச் சத்தம்தான் பிடித்திருந்தது.

எழுபத்துநாலு ரயில்வே ஸ்டிரைக்குக்கு முந்தின வருஷம் கோடை மிகவும் கொடுமையாக இருந்தது. காலனிக் கிணறு வற்றிப்போய், பெண்கள் குடத்தோடு ஸ்டேஷனில் நின்று எஞ்சின் டிரைவர்களிடம் கெஞ்சி வெந்நீர் வாங்கி ஆற வைத்துக் குடித்த காலம். அக்கினி நட்சத்திரத்தில் ஒரு நாள் தாத்தா லைனில் நடந்து போனவர் மத்தியானம் திரும்பவில்லை. கூட வேலை பார்க்கிற கேங் ஆட்கள் தேடிப் போய்த் தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது, வியர்வையே இல்லை. வீட்டுக்குள் கிடத்தி ஈரத்துணி போட்டார்கள். சின்னப் பிள்ளைகள் வரக்கூடாது என்று என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் வேப்ப மரத்தடியில் நின்று அவர் குரலை மட்டும் கேட்டேன். “ஏலே லிங்கராசு, தண்டவாளத்து மேல தண்ணி ஓடுதுலே, கும்பாவக் கொண்டா, உங்கம்மைக்கு மொண்டு குடு, மணியாச்சி முழுக்கக் கடலாயிட்டுலே” என்று திரும்பத் திரும்பக் கத்தினார். வெயிலில் தூரத்துத் தண்டவாளம் தண்ணீர் மாதிரி நெளியுமே, அது அவர் தலைக்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கிடைப்பதற்குள் அந்தக் குரல் நின்றுவிட்டது. இத்தனை வருஷமும் எனக்கு அப்பா என்றால் கதவுக்குப் பின்னால் இருந்து வந்த அந்தக் கத்தல்தான் முதலில் காதில் விழும். தண்ணீர் கேட்டுத் தவித்துச் செத்தார் என்று நினைத்து நினைத்து, வெயில் காலத்தில் ஒரு செம்புத் தண்ணீரைக்கூட என்னால் நிம்மதியாகக் குடிக்க முடிந்ததில்லை.

மாமா அழவே இல்லை. காரியம் எல்லாம் முடிந்த பிறகு கிட்டாரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் தண்ணீர்த் தொட்டியடியில் போய் உட்கார்ந்து ஒரே தந்தியைத் தட்டிக்கொண்டிருந்தார். மாடக்கண்ணு உறுமியைத் தேய்த்துக்கொண்டு கூடவே உட்கார்ந்தார். அப்படித்தான் தாத்தாவின் கடைசிச் சொற்கள் பாட்டாயின. பக்திப் பாட்டு பதிவு செய்ய ஆள் தேடி வந்த ஒரு மெட்ராஸ் கம்பெனிக்காரர் கோவில்பட்டிக் கல்யாணத்தில் இதைக் கேட்டுவிட்டு, புதுசாக இருக்கிறது, வாருங்கள் என்று கூப்பிட்டார். அங்கே நல்ல ஸ்பீக்கர் தருகிறோம் என்றார்களாம், மாமா மாட்டேன் என்று கிழிந்த ஸ்பீக்கரைச் சாக்கில் கட்டி ரயிலில் கொண்டுபோனார். பாட்டு நீளமாக இருந்ததால் ஒரு பக்கத்தில் அடங்காமல் இசைத்தட்டின் ரெண்டு பக்கத்திலும் பிரித்துப் போட்டார்கள். விற்கவில்லை. கேட்டவர்கள் கிறுக்குப் பாட்டு என்றார்கள், கம்பெனியும் அத்தோடு மறந்துவிட்டது. கஞ்சா என்பதெல்லாம் பொய். மாமா டீயைத் தவிர ஒன்றும் தொட்டதில்லை.

நோய் வந்தது அதற்குப் பிறகு. காதுக்குள் அப்பா பேசுகிறார் என்றார், அப்புறம் யார் யாரோ பேசுகிறார்கள் என்றார், தூங்க மாட்டார், ஒரு தடவை லைனோடு நடந்தே போய்க் கடம்பூரில் கண்டுபிடித்துக் கூட்டி வந்தோம். பாட்டுதான் பையனைக் கெடுத்தது என்று சித்தப்பா கிட்டாரைத் தூக்கிக் கிணற்றில் போட்டார். சொந்தக்காரர்கள் சொன்னார்கள் என்று ஒரு கோயிலில் விட்டுவிட்டு வந்த என் அம்மா, மறுநாளே மனசு கேட்காமல் போய்க் கூட்டிக்கொண்டு நேராகப் பாளையங்கோட்டை டாக்டரிடம் போனாள். அவர் மாமாவை நன்றாகப் பார்த்துவிட்டு, இது இந்த வயசில் பல பேருக்கு வருகிற நோய், பாட்டு காரணம் இல்லை, கிட்டார் காரணம் இல்லை, மாத்திரையை விடாமல் கொடுங்கள் என்றார். கொடுத்தோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தார். அப்புறம் நீ பார்த்த மாமாதான், உன்னைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோன மாமா.

நீ அந்த அட்டையில் இருந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு, அவர் உயிரோடு இருக்கிறார், என் தாய்மாமன் என்று எழுதிப் போட்டாய் அல்லவா, அதனால் போன வாரம் சென்னையிலிருந்து காளிராஜ் என்று ஒரு தம்பி வந்தான், அவர்களுக்காக இங்கே வேலை பார்க்கிறானாம். மரியாதையான பையன். இந்த மாதிரிப் பாட்டுக்கு சைக்கெடெலிக் ராக் என்று பெயராம், ரெண்டு தரம் சொல்லச் சொல்லியும் என் வாயில் நுழையவில்லை. மதுரைப் பழைய சாமான் கடையில் கிடந்த தட்டை யாரோ வாங்கிப்போய் வெளிநாட்டில் மறுபடி போட்டார்களாம், இப்போது எங்கெங்கோ பசங்கள் அதை வைத்துப் புதுப் பாட்டெல்லாம் கட்டுகிறார்களாம். மாமா செத்துவிட்டார் என்று அட்டையில் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டான். மாமா அந்த அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, “நான் செத்தது எனக்கே தெரியாமப் போச்சே தம்பி” என்று சிரித்தார். ஆனால் பாட்டைக் கேட்கிறீர்களா என்று அவன் கேட்டதும், மாமாவுக்கு நோய் திரும்பிவிடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அம்பது வருஷமாக அந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்டதில்லை. வேண்டாம் தம்பி என்றேன். மாமா என்னைப் பார்த்து, “இருக்கட்டும்ட்டி, போடட்டும், மாடக்கண்ணுவக் கூப்பிட்டுட்டுப் போடட்டும்” என்றார். உன் அப்பா போய் அவரைக் கூட்டி வந்தார்.

எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தோம். உறுமி எழும்பியது, கிட்டார் அலறியது, அப்புறம் மாமாவின் குரல், இருபது வயசுக் குரல், தண்டவாளத்து மேல தண்ணி ஓடுது என்று. நான் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் கையை உயர்த்தி நிறுத்து என்றார். உன் அப்பா எழுந்துவிட்டார், டாக்டருக்குப் போன் போடலாமா என்று என்னைப் பார்த்தார். மாமா நிதானமாகக் காளிராஜிடம், “இதக் கேட்டு அங்கன உள்ளவுக என்ன செய்யுதாவ” என்று கேட்டார். அவன் தயங்கித் தயங்கி, ஆடுவாங்க ஐயா, வயசுப் பிள்ளைங்க கூட்டமா நின்னு ஆடுவாங்க என்றான். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எங்க அப்பா தண்ணி கேட்டுத் துடிச்சுச் செத்த சொல்லு தம்பி அது, அதைப் போட்டா ஆடுதாவ என்று கேட்டுவிட்டேன். அவன் முகம் செத்துப்போயிற்று. அப்போதுதான் மாமா என் பக்கம் திரும்பினார். “நீ வெளிய நின்னல்லா, உனக்குத் தெரியாது. அப்பா துடிக்கல சொர்ணம். சிரிச்சாவ. தண்ணியப் பாத்துச் சிரிச்சுக்கிட்டேதான் கூப்பிட்டாவ. கையத் தட்டுனாவ. நம்ம அம்மைக்கு இனிமே கொடம் தூக்குத வேல இல்லன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனாவ.” மாடக்கண்ணுவும் தலையை ஆட்டினார், அவரும் அன்றைக்கு அந்த அறைக்குள் ஈரத்துணி பிழிந்துகொண்டு இருந்தவர்தான். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்திருக்கும் என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். நான் எழுந்து அடுப்படிக்குள் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் அழுது முடித்து வந்த பிறகுதான் மாமா மீதிப் பாட்டைப் போடச் சொன்னார். முழுக்கக் கேட்டார். அப்புறம் சோறு சாப்பிட்டார், தூங்கினார். ஒரு வாரமாகக் கவனித்துக்கொண்டிருக்கிறேன், தூக்கம் நன்றாக இருக்கிறது, பழைய சத்தம் எதுவும் காதில் இல்லை என்கிறார். பாட்டைக் கேட்டால் நோய் திரும்பும் என்று நான் பயந்தது வீண் பயம்.

காளிராஜ் அவரை வெளிநாட்டு மேடைக்குக் கூப்பிட்டான். அதெல்லாம் வேண்டாம், கூட்டமும் வெளிச்சமும் எனக்கு ஆகாது என்று மாமா சொல்லிவிட்டார். ஒன்றே ஒன்று கேட்டார். இனி போடுகிற அட்டையில் கஞ்சாக் கதையை எடுத்துவிட்டு, பாட்டின் சொற்கள் பெருமாள்சாமி, கீமேன், மணியாச்சி என்று போட வேண்டும், உறுமி மாடக்கண்ணு என்றும் போட வேண்டும். ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உன் ஊரில் வந்தால் நீ வாங்கிப் பார்த்து, எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். முந்தாநாள் மாமாவின் டாக்டரிடம் மாதச் சோதனைக்குப் போனபோது உன் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். ரத்த சம்பந்தம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக வர வாய்ப்பு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் மகளின் பிள்ளைக்கு அது மிகவும் குறைவு, பெரும்பாலும் வராது என்றார். அங்கே உள்ள டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடு. பிள்ளை பெரியதானதும் தூக்கம் கெட்டு, தனியாகப் பேசிக்கொண்டு இருந்தால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும், போதைப் பழக்கம் அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். எங்களுக்கு அந்தக் காலத்தில் நோயின் பெயர்கூடத் தெரியாது, தெரியாமலேயே மாமாவைக் கரையேற்றினோம். உனக்கு எல்லாம் தெரியும். அதனால் இதை நினைத்து நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடு, காலில் சாக்ஸ் இல்லாமல் நடக்காதே, மாப்பிள்ளையிடம் பொருமாதே, அவருக்கும் அங்கே நீ ஒருத்திதான். அம்மன் துணையிருந்து நல்லபடியாகப் பெற்றெடுத்து, நீண்ட ஆயுசோடு இருங்கள். மாசி மாதம் நான் அங்கே வந்துவிடுவேன். கடிதத்தை ஒட்டப் போகிறேன், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மாமாவிடம் கேட்டேன். “அங்கன அந்தப் பாட்டப் போட்டா ஓரமா நிக்காண்டாம்னு எழுது. வயித்துப் பிள்ளையோட மெள்ள ஆடச் சொல்லு. தாத்தா தண்ணியக் கண்டுட்டாவ” என்றார்.

உன் அம்மா,
பெ. சொர்ணத்தாய்