உன் முகத்தின் மேல்பாதி

என் அருமை அக்கா,

நம் பார்க் எக்ஸ்டென்ஷன் தெருக்களில் பனி இன்னும் கரையவில்லை. உன் போர்வையை நான் துவைக்கவில்லை. அண்ணையின் மணிக்கட்டில் என் பல் பதிந்த இடம் கறுத்துவிட்டதாம். ஏன் கடித்தாய் என்று கேட்பாய். சொல்கிறேன்.

நான் நூலகத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த அந்தப் பெரிய புத்தகம் நினைவிருக்கிறதா? பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியங்கள். அதில் ஒருவர், இறந்த மனைவியின் கட்டிலருகே நின்று, அவள் முகத்தில் நீலமும் சாம்பலும் ஏறுவதை வரைந்திருந்தார். தூரிகையால் அல்ல, நகத்தால் பிறாண்டியதுபோல் இருந்தது. நீ கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு புத்தகத்தைத் தூக்கிச் சுவரில் எறிந்தாய். கையில் ஏற்றியிருந்த ஊசி கழன்று, விரிப்பில் இரத்தம் தெறித்தது.

"பெண்சாதி செத்துக்கிடக்கிறாள். இந்த மனுசன் கையைப் பிடிக்காமல் படம் கீறிக்கொண்டு நிண்டவனோ?"

தாதி ஓடிவந்தாள். அவள் போனதும் மெதுவாகச் சொன்னாய்: "என்னையும் கீறு. வடிவாக் கீறினியெண்டால் கொலைதான் விழும்."

கீறினேன், அழகுபடுத்தாமல் உள்ளபடியே. முடியில்லாத தலை, கோபம் குறையாத கண்கள், வெடித்த உதடு. ஒரு கையால் உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரைந்தேன். அந்த மனிதருக்கு அது ஏன் தோன்றவில்லை?

நீ போன பிறகு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலருக்காக அண்ணை படம் தேடி வந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பவென்று ஸ்டூடியோவில் எடுத்தோமே, கன்னத்தில் சிவப்புத் தீட்டிய படம், அதை எடுத்தார். நான் கீறிய படத்தை நீட்டினேன்.

"சனம் பாத்தால் என்ன நினைக்கும்? என்ரை தங்கச்சியைப் பேயாக்கிப்போட்டாய்!"

குறுக்கே கிழித்தார். பாய்ந்து கடித்தேன். அவர் உதறிய வேகத்தில் என் மண்டை கதவில் மோதியது. சுவாமி விளக்குச் சரிந்து எண்ணெய் பரவியது. என் கையில் மிஞ்சியது உன் வாய். உன் கண்களைக் கசக்கிப் பிடித்தபடியே அவர் டோர்வலுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

எறிந்திருப்பார் என்றே நினைத்தேன். இன்று அண்ணி எனக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, இவர் அந்தப் படத்துண்டைத் தலையணைக்குக் கீழை வச்சுக்கொண்டு படுக்கிறார். கேட்டால் அடிக்க வாறார். நீ ஒருக்கா வா."

இன்னமும் அவரைக் கொன்றுவிடலாம் போலத்தான் இருக்கிறது. ஆனாலும் நாளைக்குப் போகிறேன், உன் வாயை எடுத்துக்கொண்டு. அவர் முன்னாலேயே இரண்டையும் ஒட்டுவேன். கிழிசல் தெரியட்டும். மலரின் முதல் பக்கத்தில் அந்த முகம்தான் வரும். ஆர் மறைக்க வந்தாலும் மறுபடியும் கடிப்பேன்.

உன்னை வடிவாகக் கீறாத
தங்கச்சி