தயிர்ச்சட்டிக்குள் மின்சாரம்

கல்முனைக்குடி,
20.11.1956

அன்பு நண்பன் காலிதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் எல்லோரும் சுகம். கொழும்பு மழை உன்னைக் காய்ச்சலில் தள்ளாமல் அல்லாஹ் காக்க வேண்டும். முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன்: நேற்று அஸர் தொழுகைக்குப் பின் தங்கச்சி மர்ழியாவின் அறையில் மின்விளக்கு எரிந்தது! வரிகள் கோணலாகப் போகின்றன. ஷொக் அடித்ததால் அல்ல, சந்தோசத்தால்.

நீ அனுப்பிய ஹோல்டரும் வயரும் என்ன பாடுபட்டு அந்த அறைக்குள் போயின என்று உனக்குத் தெரிய வேண்டும். மர்ழியாவின் புருசன், என் மச்சான், மௌத்தான நாளிலிருந்து அவள் இத்தா இருக்கிறாள், கைம்பெண் அறைக்குள் இருக்கும் அந்த நாலு மாதமும் பத்து நாளும். அவர் நல்ல மனிதர். அவருக்காக துஆச் செய். இத்தாக் காலம் முடியும்வரை அந்நிய ஆண் எவனும் அவளைக் காணக்கூடாது, அறைக்குள் கால் வைக்கவும் கூடாது. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வீதிக்குக் கரண்ட் வந்தது. ஊரெல்லாம் இரவைப் பகலாக்கிக்கொண்டிருக்க, சாத்திய ஜன்னலுக்குள் அவள் மட்டும் பகலிலும் குப்பி விளக்கோடு இருந்தாள். குர்ஆன் ஓதினால் கண் எரிகிறது என்றாள். எதற்கும் முறைப்பாடு சொல்லாதவள், இதைச் சொன்னாள்.

வயர்மன், காரைதீவுக் கனகரெத்தினம். கெட்டிக்காரன், ஆனால் உள்ளே போக முடியாது. போகக்கூடிய ஒரே ஆண் நான். பத்திரிகை ஏஜென்டாகிய எனக்கு சூயஸ் கால்வாய் யாருக்குச் சேர வேண்டும் என்பது சந்தேகமறத் தெரியும். ஆணியின் தலை எந்தப் பக்கம் என்பதில்தான் சிறிது தடுமாற்றம் உண்டு. ஆகவே நானே மாட்டினாலும் யாரும் சாகாத விளக்கு ஒன்று தேவைப்பட்டது. எந்தக் கம்பனியும் என்னை நினைத்து விளக்குச் செய்யவில்லை.

முதல் யோசனை என்னுடையது: எங்கள் பித்தளை வெற்றிலை வட்டாவைக் கவிழ்த்து, நடுவில் பல்ப்பை வைப்பது. பளபளவென்று இருக்கும் என்று சொன்னேன். கனகரெத்தினம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இரிக்கும் மச்சான். வயர் கொஞ்சம் தேஞ்சா வட்டா முழுக்கக் கரண்ட் ஓடும். பிறகு வெத்திலை போட வீட்டில ஆள் இரிக்காது" என்றான். இரண்டாவது யோசனை உம்மாவுடையது: பன் புல்லில் பின்னிய கூடை. ஏற்கெனவே கரண்ட் எடுத்துவிட்ட பக்கத்து வீட்டில் அதற்குள் பல்ப்பை எரியவிட்டுப் பார்த்தோம். சற்று நேரத்தில் வெளிச்சத்தோடு புகையும் வந்தது.

மூன்றாவது யோசனை திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வந்தது. "காக்கா, தயிர்ச்சட்டிய எடுங்களன். நெருப்பில வெச்சாலும் அதுக்கு ஒண்டும் ஆகா. உறியில தொங்க விட்டா வயர்ல பாரமும் இல்ல. உறி மாட்ட உங்களுக்கும் ஏலும்தானே?" என்று இந்த அண்ணனைக் கேட்டாள் மர்ழியா. உறியிலிருந்து எடுத்துத் தின்ன எனக்கு நன்றாகத் தெரியும். மாட்டுவது அதற்கு நேர் எதிர் வேலை என்று விளங்கிக்கொண்டேன்.

பிறகு அவள் கையை யாராலும் நிறுத்த முடியவில்லை. இறக்காமத்துத் தயிர்ச்சட்டியின் அடியில் ஹோல்டருக்கு அளவாகத் துளை. சூடு வெளியேறப் பக்கத்தில் சிறு துளைகள். உள்ளே சுண்ணாம்புப் பூச்சு. கவிழ்த்த சட்டியின் விளிம்பை உறியின் வளையம் தாங்கும். வயர் கதவு நிலைக்கு மேலாக மண்டபத்துக்கு வந்து, அங்கே கனகரெத்தினம் பொருத்திய பிளக்கில் சேரும். உறி உத்தரத்தில் தொங்குவதால் அறைக்குள் ஆணியும் இல்லை, அந்நியனும் இல்லை.

பக்கத்து வீட்டு மாமிக்கு இதில் ஒரு மார்க்கச் சந்தேகம் வந்தது. இத்தாவில் இருப்பவளுக்கு அலங்காரம் கூடாதே, விளக்கு அலங்காரமில்லையா? பள்ளிவாசல் ஆலிமிடம் போனேன். அவர் தாடியைத் தடவி, "வெளிச்சம் அலங்காரமில்ல தம்பி. இருட்டு இறைவணக்கமுமில்ல" என்றார். மாமி அன்றிரவே தன் வீட்டுக்கும் ஒரு சட்டி கேட்டாள்.

எஞ்சியவர் மட்டக்களப்பிலிருந்து வரும் மின்சார இன்ஸ்பெக்டர் கிறிஸ்ரோபர். ஒவ்வொரு விளக்கையும் கண்ணால் காணாமல் கையெழுத்து வைக்க மாட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் வீட்டுக்கே கரண்ட் இல்லை. முதல் முறை வந்தபோது, அறை பூட்டியிருக்கிறதென்று திரும்பிப் போய்விட்டார். நேற்று வந்தபோது, பெண் பார்க்க வந்தவரைப் போல மண்டபத்தில் உட்கார வைத்தோம். நான் உள்ளே போய் விளக்கை உறியோடு கழற்றிக்கொண்டு வந்து காட்டினேன். டெஸ்டரால் தொட்டார். வயரை இழுத்தார். உறியை மண்டப உத்தரத்தில் மாட்டச் சொல்லி, தானும் பிடித்துத் தொங்கினார். மட்டக்களப்பில் அவர் நன்றாகச் சாப்பிடுகிறார். உறி அசையவில்லை. "சட்டி பாஸ். இதுக்குள்ள இருந்த தயிர் எங்க?" என்று கேட்டார். கொடுத்தோம்.

பிறகு நான் உள்ளே போய் மாட்டினேன். சுவருக்கு வெளியே நின்று கனகரெத்தினம், "மாட்டியாச்சா? உசிரோட இரிக்கிறியா?" என்று கத்திக்கொண்டே இருந்தான். ஓம் என்றேன். பிளக்கைப் போட்டான். துளைகள் வழியே சுவரெல்லாம் வெளிச்சப் புள்ளிகள்! மர்ழியா எழுந்து நின்று, சுவரில் விழுந்த புள்ளி ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். மச்சான் போன பிறகு அவள் சிரித்து நான் கண்டது நேற்றுத்தான்.

சாமான் அனுப்பியது யார் என்று கேட்டாள். கொழும்பில் ஒரு கடை என்றேன். கடை எப்போதிருந்து, "கை படுற இடத்தில உலோகம் வெச்சிராதீங்க" என்று எழுதி அனுப்புகிறது என்று கேட்டாள். நான் உறியின் முடிச்சைச் சரிபார்க்கத் தொடங்கினேன். "கடைக்கு என்ர ஸலாத்தச் சொல்லுங்க காக்கா" என்றாள். சொல்லிவிட்டேன். ஒரு காலத்தில் எங்கள் வீதியில் பழுதுபட்ட அளவுக்கு உன் சைக்கிள் வேறெந்த வீதியிலும் பழுதுபட்டதில்லை. அவளுக்குக் கல்யாணமான கிழமையிலேயே நீ கொழும்புக்கு வண்டியேறினாய். அப்போது இவை இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. செய்திகளை உடனுக்குடன் கொடுப்பவன் என்று ஊரில் எனக்குப் பெயர்.

இப்போது வீதி முழுக்கத் தயிர்ச்சட்டி விளக்குக் கேட்கிறார்கள். மர்ழியா சட்டிகளுக்குத் துளை போட்டுக்கொண்டே இருக்கிறாள். இன்னும் ஹோல்டர்கள் வேண்டும். பார்சலில் அனுப்பினால் உடைந்துவிடும். நீயே கொண்டு வா. ஆனால் ரஜப் மாதம் பாதி கழிந்து இத்தா முடியட்டும், அதற்கு முன் வராதே. இத்தா முடியாத பெண்ணிடம் கல்யாணப் பேச்சை வெளிப்படையாக எடுக்கக்கூடாது, ஜாடையாகச் சொன்னால் குற்றமில்லை என்று ஆலிம் விளக்கினார். பொது அறிவுக்காகக் கேட்டு வைத்தேன். இந்தக் கடிதத்தில் சட்டியும் வயரும் தவிர வேறொன்றும் இல்லை என்பதை இன்னொரு முறை வாசித்து உறுதிசெய்துகொள்.

வீட்டில் ஒரே ஒரு குறை. பியூஸ் போனால் மாற்றத் தெரிந்த ஆண் இங்கே யாருமில்லை. கனகரெத்தினத்தை எத்தனை தடவைதான் கூப்பிடுவது? நானோ, கல்யாணமான ஆண் போய் இருக்கும் எங்கள் ஊர் வழக்கப்படி, என் பெண்சாதி வீட்டில் இருப்பவன். இதற்கு நிரந்தரமாக என்ன செய்யலாம் என்று நீ யோசித்து எழுத வேண்டும். உம்மாவும் அதைத்தான் கேட்கிறா. உன் பயணத்தை அல்லாஹ் இலேசாக்கி, உன்னை நல்ல நேரத்தில் எங்கள் வாசலில் கொண்டுவந்து சேர்ப்பானாக. ஆமீன்.

உன் பதிலுக்காகத் தபால்காரனைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கும்,
சாலிஹ்