பட்டை போட இடமில்லாத டயர்

செப்டம்பர் 20, வெள்ளி

இன்று சிவரஞ்சனி ஜீப்புக்குப் பெரிய பளபள வீல் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். போடிமெட்டு ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோகிற ஒரே பொம்பளைப் பிள்ளை, என் பேத்தி. வீல் பெருத்ததில் டயர் மெலிந்துவிட்டது. பக்கத்தில் திருநீற்றுப் பட்டை போடப் போனால் இரண்டு விரல் அகலம்தான். இருக்கட்டுமே. தெருவே பார்த்தது.

"என்னத்தா, டயரு பட்டினி கெடக்கு?" என்றாள் எதிர்வீட்டு மொக்கம்மாள். வயிற்றெரிச்சல்.

செப்டம்பர் 23

நானும் தோட்டத்துக்குப் போனேன். முன் சீட்டு எப்போதும் எனக்குத்தான். தார் ரோட்டு வளைவுகளில் வண்டி ஆடவே இல்லை. தோட்டத்துக் கல் பாதையிலோ ஒவ்வொரு கல்லும் இடுப்பில் ஏறியது.

"காய் எடுக்கப் போறமா, பிள்ளை பெறப் போறமாடி?" பின்னாலிருந்து மொக்கம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை, கல் பாதை வந்தால் டயரில் காற்றைக் குறைப்பார், மெத்தையாகப் போகும். சொன்னேன்.

"இந்த டயருக்குச் சரி வருமா அப்பத்தா?"

"டயருன்னா டயருதான். எறக்குடி." அந்தக் காலத்து அஞ்சாம் கிளாஸ் நான்.

செப்டம்பர் 24

மெத்தையாக இருந்ததாம்.

செப்டம்பர் 30

மெட்டு இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் பின் டயர் வெடித்துவிட்டது. உள்ளே அத்தனை பொம்பளைகள், காய் மூட்டைகள். தடுப்புச் சுவரில் இடித்து நின்றிருக்கிறது. சுவர் மட்டும் இல்லையென்றால் — வேண்டாம். மொக்கம்மாளுக்குக் கை முறிவு.

அக்டோபர் 1

டயர்க் கடை வீரையா கிழிந்ததைக் காட்டினார்.

"பழசுல பக்கம் ஒசரம் ஆத்தா. காத்து நெறையக் கொள்ளும், லோடு தாங்கும், கல்லுல அமுங்கி எந்திரிக்கும். இதுல அமுங்க எடமேது? காத்தும் கொறஞ்சா கல்லுக்கும் வீலு விளிம்புக்கும் நடுவுல நசுங்கி உள்நூலு அந்துபோகும். எவன் எறக்கச் சொன்னான்?"

"நாந்தாண்ணே எறக்குனேன்," என்றாள் சிவரஞ்சனி. என் பக்கம் திரும்பவே இல்லை.

நானா? அத்தனை பேரையும் நானா கொல்லப் பார்த்தேன்?

அக்டோபர் 3

அவள் ஜீப்பில் யாரும் ஏறவில்லை. மொக்கம்மாள் வீட்டுக்குப் போய், "எறக்கச் சொன்னது நாந்தான்" என்றேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

அக்டோபர் 11, ஆயுத பூஜை

பழைய வீல், உயரமான டயர். மூன்று பட்டையும் முழுதாக விழுந்தது.

எலுமிச்சம்பழத்தை நசுக்கி ஒரு சுற்று போகக் கிளம்பும்போது மொக்கம்மாள் வந்தாள். டயரை ஓர் உதை விட்டுப் பார்த்தாள். கட்டுப் போட்ட கையோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ பின்னால ஏறுத்தா. எடுடி வண்டிய, வெரசா."

ஏறினேன்.