காம்பாக்டிங் வரிசையில் ஏழாவது லாட்

9, திங்கள்
காலையிலேயே புழுக்கம். அருள்புரம் காம்பாக்டிங் யூனிட்டில் உட்கார்ந்து நேரம் குறிச்சேன். சாயம் போட்ட துணிக்கு ஆவி காட்டி அமுக்குற மெஷின், ஒண்ணே ஒண்ணு. வெளியே துணி லாட் லாட்டா. எங்க கம்பெனிது ஏழாவது. முதல் லாட் மெஷின்ல ஏறும்போதே சாயங்காலம் ஆறு.

ஒரு லாட்டுக்கு எவ்வளவு நேரம்னு இங்க யாருக்கும் உறுதியாத் தெரியாது. அதனாலதான் வேலை பார்த்துக்கிட்டே பண்ற என் பிஎச்.டி. ஆராய்ச்சியில், நிச்சயமில்லாததுக்குப் போடுற ஃபஸி கணக்கில், ஒரே எண் கிடையாது. மூணு. சீக்கிரம்னா நாலு மணி நேரம், சாதாரணமா ஆறு, இழுத்தா ஒன்பது.

முதலாளிக்கு மூணு பதில் ஆகாது. "செவ்வா ராத்திரி, புதன் மத்தியானம், வியாழன்னு கொழப்பாதீங்க. ஒண்ணச் சொல்லுங்க, டெய்லருங்கள வரச் சொல்லோணும்." புதன் மத்தியானம்னுட்டேன். வெள்ளிக்கிழமை ஏற்றுமதிக் கன்டெய்னர் கிளம்புது. துணி வராட்டி என் வேலைக்கு உலைதான்.

10, செவ்வாய்
ஆறாவது லாட் இசக்கிமுத்துது. தென்காசிப் பக்கத்துக்காரர். இங்க நெருப்பெரிச்சல்ங்கிற ஊரில் எட்டு தையல் மெஷின் போட்டு நடத்துறார். என் நோட்டை எட்டிப் பார்த்தார். "எக்கா, என் துணி எப்ப வரும்?"

மூணு எண்ணும் சொன்னேன். நடு எண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டார். எதிரிலேயே பொண்டாட்டிக்குப் போன்: "நாளைக்கு எட்டு மணிக்கு டெய்லர்கள வரச் சொல்லு. அக்கா கணக்குப் போட்டுச் சொல்லிட்டாவ."

தைக்கிற உருப்படிக்குக் கூலி வாங்குற பீஸ் ரேட் டெய்லர்கள் துணி இல்லாட்டி நிக்க மாட்டாங்க. பக்கத்து யூனிட்டுக்குப் போயிருவாங்க.

தேங்காய் வாங்க மறந்துட்டேன்.

11, புதன்
ராத்திரி பாய்லர் மக்கர். நான் போனப்போ காலை ஆறரை. அஞ்சு லாட்தான் முடிஞ்சிருந்தது. அடுத்தது இசக்கிமுத்து. எங்களுது வர சாயங்காலம் ஆயிரும்.

யூனிட் மேனேஜர் ராசு வந்தார். "அம்மிணி, உங்க மொதலாளி ரெண்டு வாட்டி கூப்ட்டுட்டாருங்க. உங்குளுத மொதல்ல ஏத்திரட்டுங்களா?"

எல்லா லாட்டிலும் சிவப்பில் 'அர்ஜெண்ட்'. அப்புறம் யார் போன் போடுறாங்களோ அவங்களுது மெஷினுக்குப் போகுது. என் கணக்கில் முதல்ல வந்தவருக்கு முதல்ல. அது சரியான்னு இங்க ஒருத்தரையும் கேட்கவே இல்லை. மக்கு நான்.

இசக்கிமுத்து டெம்போ கூட்டிட்டு வரப் போயிருந்தார். சரின்னு தலையாட்டிட்டேன். வாயால் சொல்லக்கூட இல்லை.

பன்னெண்டரைக்குத் துணி கம்பெனியில். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "கணக்கு அப்படியே பலிச்சிருச்சுங்களே."

அதுக்கு முன்னாடியே, காலையில், இசக்கிமுத்து திரும்பி வந்துட்டார். "என்னக்கா ஆச்சு?" பாய்லர்னேன். பாதிப் பொய். "விடுங்கக்கா. பாய்லர் நின்னா நீங்க என்ன செய்வீய?" டீ வாங்கிட்டு வந்து கொடுத்தார். குடிச்சேன். அசிங்கமா இருந்தது.

12, வியாழன்
நல்ல வெயில். ராசு போனில்: இசக்கிமுத்து டெய்லர்கள் எட்டுப் பேரும் வேற யூனிட்டுக்குப் போயாச்சு. நேத்து ராத்திரி எடுத்துட்டுப் போன துணி தைக்க ஆளில்லாமக் கிடக்கு.

ஆராய்ச்சிக் கைடு போன். "டேட்டா அனுப்பும்மா, இன்னும் எத்தனை நாள்?"

உட்கார்ந்து எழுதினேன். தாமதத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம். மத்த லாட்டுக்கெல்லாம் கரண்ட், பாய்லர், லாரி. ஆறாவதுக்கு நேரா என் பேரை எழுதினேன்.