செம்பனைக்குள் பாடிய ஆகிரி

என் லோரிக்கார அண்ணே,

உன் கருமாதி முடிந்து வாழை இலைகூட இன்னும் காயவில்லை. அதற்குள் உன்னிடம் சொல்ல எவ்வளவோ சேர்ந்துவிட்டது.

உன் லோரி கவிழ்ந்த வளைவில் தோட்ட நிர்வாகம் மண் கொட்டியிருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் நீ கேட்டுக்கொண்டிருந்த மண். நீ செத்ததும் வந்துவிட்டது. அன்றைக்குச் சிதறிய செம்பனைப் பழக்குலைகளைத்தான் முதலில் வேறு லோரியில் ஏற்றினார்கள். உன்னைப் பிறகுதான் ஏற்றினார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? அதனால்தான் பத்திரிகையில் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும்.

மெட்ராஸில் எம்.ஏ. இசையில் சேர்வதற்கான தேர்வு அடுத்த மாதம். அங்கே பி.ஏ. முடித்து வந்தவளிடம், "பாதியில எறங்குற பஸ் இல்ல புள்ள இது, கடைசி ஸ்டாப் வரைக்கும் போ" என்றது நீதான். தேர்வுக் குழுவின் முன்னால் ஒரு ராகத்தை விரித்துப் பாட வேண்டும். நான் ஆகிரியை எடுத்திருக்கிறேன். ஒரு நாள் விட்டாலும் தொண்டை மறந்துவிடும் ராகம் அது.

ஆகிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று அங்கே பாட்டுக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை இருப்பதைச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? லோரிப் படியில் உட்கார்ந்து சிரித்தாய். "அப்ப நம்ம தோட்டத்துல எல்லாரும் அதத்தான் பாடுறோமா லா?"

சாவு விழுந்த வீட்டில் பாட்டு கூடாது. ரேடியோவைத் துணி போட்டு மூடிவிட்டார்கள். வரிசை வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்தில் சுவர் பொது, காதும் பொது. நான் மெல்லச் சுருதி பிடித்தாலே அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அதனால் சாயங்காலம் செம்பனை மரங்களுக்குள் போய் வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்து பாடினேன்.

முதல் நாள் கண்ணைத் திறந்தால் எதிரே மாரியாயி அக்கா. பின்னால் அவளோடு உதிரிப்பழம் பொறுக்கும் பெண்கள். நான் உனக்கு ஒப்பாரி வைக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

"வூட்ல ஒரு சொட்டு கண்ணீர் விடல, இங்க வந்து தனியா அழுவுது பாரு! அழு தாயி, நல்லா அழு."

என்னைக் கட்டிக்கொண்டு அவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். நான் என்ன சொல்வேன்? இது பரீட்சைக்கு அக்கா என்றா? மேல் ஸ்தாயிக்குப் போனேன். அவர்கள் அழுகையும் கூடவே ஏறி வந்தது.

கருமாதி வரைக்கும் தினமும் வந்தார்கள். செத்த பிறகும் நீதான் என்னைப் படிக்க வைத்தாய். இதை நினைத்து நான் சிரிப்பதா, முட்டிக்கொள்வதா?

கருமாதிப் பந்தியில் இலை எடுப்பதற்குள் தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் வந்துவிட்டார். "லயத்து வூடு வேலையாளுக்குத்தான். மாசக் கடைசிக்குள்ள ஒருத்தர் பேரக் குடுங்க. இல்லாட்டி சாவியக் குடுங்க."

அம்மாவுக்குக் கை நடுக்கம், அவளை எடுக்க மாட்டார்கள். அண்ணி மடியில் பால் குடிக்கும் பிள்ளை. அம்மா என்னைப் பார்த்தாள். "நீ குடுத்துரு ஆயி. பாட்டு எங்க ஓடிப்போவுது?"

நான் தலையாட்டினேன்.

மறுநாள் விடிகாலை வேலையாட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டில் பெயர் கொடுக்க எழுந்தபோது, உன் நீளக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அண்ணி நின்றாள். பிள்ளையை என் கையில் திணித்தாள்.

"அண்ணி, நான் குடுக்குறேன்னு சொல்லிட்டேன்ல?"

"இன்னிக்கு நீ குடுத்தா, நாளைக்கு இவனும் குடுப்பான். பேசாம இரு."

வாசலில் இறங்கியவள் திரும்பினாள். "ஒப்பாரின்னு அவளுங்க நம்புனாளுங்க. நீ ஒரே எடத்த நிறுத்தி நிறுத்தித் திருப்பிப் பாடுனத நான் கொல்லையில நின்னு கேட்டேன். அழுவுறவ எவளாச்சும் திருத்தித் திருத்தி அழுவாளா?"

கோபமா, கேலியா? இன்னும் எனக்குத் தெரியவில்லை. மத்தியானம் அவள் திரும்பி வந்தபோது பால் கட்டி உன் சட்டை நனைந்திருந்தது. முள் கீறிய கையால் பிள்ளையை வாங்கினாள். இதைப் பார்த்த பிறகு எனக்கு ஆகிரி எதற்கு, எம்.ஏ. எதற்கு? பட்டத்தைக் கொண்டுவந்து இந்த லயத்தின் எந்தச் சுவரில் மாட்டுவேன்? இடம் கிடைக்காமல் போனால் அண்ணி முகத்தில் எப்படி முழிப்பேன்?

பயமாக இருக்கிறது அண்ணே. ஆனால் மெட்ராஸுக்குப் போகிறேன்.

இனிமேல் ஒளிந்து பாட மாட்டேன். இன்றைக்கு நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து பாடப்போகிறேன். யாராவது கேட்டால், ஒப்பாரி இல்லை, பரீட்சை என்பேன். தப்பு வரும் இடத்தில் எல்லார் காதுபடத் திருத்துவேன். அண்ணியின் பெயரை அந்தப் பெரட்டிலிருந்து ஒரு நாள் எடுப்பேன். எப்படி என்று கேட்காதே. எனக்கே தெரியாது. ஆனாலும் சத்தியம்.

இன்றைக்குச் சோறு கிடைக்காவிட்டாலும் ஆகிரியை விடாத
உன் தங்கச்சி,
மல்லிகா